துடியிடை

இரும்புக் கட்டமைப்புகளுக்கு வரைபடம் போடுவது என் பிழைப்பு. ஒரு தூணைப் போலவே இன்னொன்று இருந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். ஒரு படம் போட்டு, அடியில் ‘இதே போல் 40’ என்று எழுதிவிடலாம். அந்தப் புத்தியோடுதான் 2014இல் மூன்று மாத வேலையாகச் சீனாவின் குவாங்சோ நகரத்துக்குப் போனேன்.

அலுவலக ஜன்னலில் கான்டன் கோபுரம் தெரியும். 600 மீட்டர் உயரம், 2010இல் திறந்தார்கள். ஆற்றின் எதிர்க்கரையில் ஸாஹா ஹதீத் வடிவமைத்த ஒபேரா மாளிகை, இரண்டு கூழாங்கற்களைப் போல. அதைப் பகலில் பார்க்க எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கோபுரம் வேறு. உடுக்கையை நிமிர்த்தி வைத்தாற்போல நடுவில் ஒடுங்கி மேலே விரியும். ஊர்க்காரர்கள் அதை ‘சியாவ்மான் யாவ்’ என்கிறார்கள். சியாவ்மான் என்பவள் டாங் காலத்து நடனப் பெண். யாவ் என்றால் இடை. துடியிடை என்று எழுதிய நம் புலவர்கள் பார்த்திருந்தால் வேறு பெயர் தேடியிருக்க மாட்டார்கள்.

“இத்தனை தூண்களையும் வளைக்க என்ன செலவாகியிருக்கும்?” என்று மதியச் சாப்பாட்டின்போது மூத்த வரைவாளரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மேசையிலிருந்த சாப்ஸ்டிக்குகளை அள்ளி, நடுவே ரப்பர் வளையம் போட்டு, இரு முனைகளையும் எதிரெதிராகத் திருகினார். மேலும் கீழும் விரிந்தன. நடுவில் இடுப்பு விழுந்தது. ஒரு குச்சிகூட வளையவில்லை.

கோபுரத்தின் 24 தூண்களும் அப்படித்தான்: நேரானவை, சாய்ந்து நிற்பவை. குறுக்கே 46 வளையங்கள். பெருக்கினால் 1,104 சந்திப்புகள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த வாரம்தான், இடவலம் மாறிய இரண்டு துண்டுகளுக்கு ஒரே மார்க் நம்பர் (துண்டின் அடையாள எண்) கொடுத்து, பட்டறையில் துளைகள் பொருந்தாமல் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். வெறும் இரண்டு துண்டுகள்!

அவர் குடியிருந்தது நகரம் விழுங்கிய பழைய கிராமம் ஒன்றில். அங்கே எதிரெதிர் வீடுகளின் இடைவெளி அவ்வளவு குறைவு. ‘கைகுலுக்கும் கட்டடங்கள்’ என்றே பெயர். தன் அறையிலிருந்தும் கோபுரம் தெரியும் என்று ஒருநாள் கூட்டிப்போனார். தலையை வெளியே நீட்டி இடப்பக்கம் திரும்பச் சொன்னார். எதிர்வீட்டுத் துணிக்கொடிக்கும் சுவருக்கும் நடுவே, அரை விரல் அகலத்துக்கு, இடுப்பு மட்டும் தெரிந்தது.