அரைப் பொட்டலம், ஒரு டம்ளர்

ஜூலை 8, திங்கள்

தொழில்முறைத் தகவல்தொடர்பில் முதுகலை படிக்கிறேன் என்றால், பெரியப்பா இன்னும் "செய்தி வாசிக்கப் போகிறாயா?" என்றுதான் கேட்கிறார்.

இன்று வகுப்பில் அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம். அது வெடித்தது 1986 ஜனவரி 28. ஆறு மாதம் முன்பே, 1985 ஜூலை 31 அன்று, அதன் ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் போஜோலே தன் நிறுவனத் துணைத் தலைவருக்குக் குறிப்பு அனுப்பியிருக்கிறார்: ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் அரிக்கப்படுகின்றன, உயிர்கள் போகலாம். மழுப்பலே இல்லை. இருந்தும் விண்கலம் கிளம்பியது. 'தெளிவாக எழுதினால் போதும்' என்று போன வாரம் நோட்டில் அடிக்கோடிட்டிருந்தேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தேன்.

ஜூலை 11, வியாழன்

செயல்திட்டம்: வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலின் செய்முறை, கைபேசித் திரைக்கு. என் முதல் வரி: "பொட்டலம் ஒரு லிட்டர் நீரில் கரைக்கப்பட வேண்டும்." யார் கரைப்பதாம்? "கரையுங்கள்" என்று திருத்தினேன். அழகுக்காக வைத்த சாம்பல் நிற எழுத்தும் போயிற்று. வெள்ளைப் பின்னணியோடு அதன் வேறுபாட்டு விகிதம் மூன்றைக்கூடத் தொடவில்லை. பார்வை குறைந்தவர்களும் படிக்க வேண்டும் என்று வகுத்த இணைய அணுகல் விதிப்படி 4.5 வேண்டும்.

ஜூலை 14, ஞாயிறு

ஐந்து பேரிடம் சோதித்தால் போதும் என்பது பயன்பாட்டுச் சோதனை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் கணக்கு. எனக்கு அகப்பட்டவர்கள் மூவர்.

மாடி வீட்டு அக்கா கைபேசியை அஞ்சறைப்பெட்டியில் சாய்த்துவைத்து, தடுக்காமல் வாசித்து முடித்தார். பொட்டலத்தின் மூலையைக் கத்தரித்தார். எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, பாதித் தூளைக் கொட்டிக் கலக்கினார். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோதனையின்போது உதவக் கூடாது.

முடிந்ததும் கேட்டேன். "ஒரு லிட்டரைக் குழந்தை குடிக்குமா தம்பி? மிச்சத் தூளை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமே" என்றார்.

சிக்கனமான வீட்டுக்கு நியாயமான கணக்குதான். ஆனால் டம்ளர் 200 மில்லி. உப்பு இரண்டரை மடங்கு. குழந்தைக்கு அது ஆபத்து. 200 மில்லிக்கென்றே 4.2 கிராம் சிறு பொட்டலமும் கடையில் விற்கிறது. அக்கா கை பழகியது அதற்கு. இதை முன்பே கேட்காதது என் தவறு.

ஜூலை 19, வெள்ளி

புதிய வரைவு: "தூள் முழுவதையும் ஒரே தடவையில் ஒரு லிட்டர் தண்ணீரில் கொட்டுங்கள். குழந்தை குடிக்கும் அளவு கொடுங்கள். 24 மணி நேரம் கழித்து மிஞ்சினால் கரைசலைக் கீழே ஊற்றிவிடுங்கள்." கூடவே லிட்டர் பாட்டில் படம்.

அக்கா இம்முறை சரியாகச் செய்தார். பிறகு, "பாட்டில் இல்லாவிட்டால்?" என்றார். ஐந்து டம்ளர் என்று எழுதலாமா என்று பார்க்க, எங்கள் வீட்டு டம்ளர்களை அளந்தேன். ஆறில் இரண்டுதான் 200 மில்லி பிடித்தன.