திங்கட்கிழமை காலைல கேட்டிருந்தா

ரீல்ஸ் தள்ளிட்டு இருந்தப்ப 2025 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி வீடியோ ஒண்ணு வந்துச்சு. கடைசி, 18வது ஹோல், அஞ்சடி தூரத்துல இருந்து பந்த குழிக்குள்ள உருட்டி விடற பட், ரோரி மெக்கில்ராய் விட்டுட்டாரு.

போட்டிருந்தா அங்கயே ஜெயிச்சிருப்பாரு.

அன்னிக்கு முதல் ஹோல்லயே டபுள் போகி (கணக்குக்கு ரெண்டு அடி கூட), 13ல நூறு கஜத்துக்குள்ள இருந்து பந்த தண்ணில போட்டாரு, 2011ல நாலு ஷாட் லீட் இருந்தும் கடைசி நாள் 80 அடிச்சு கோட்டை விட்ட அதே அகஸ்டா மைதானம் வேற, நானா இருந்தா கிளப்ப வீசிட்டு கிளம்பிருப்பேன்.

ஜஸ்டின் ரோஸோட ஸ்கோர் சமமாகி பிளேஆஃப்புக்கு போறப்ப மெக்கில்ராயோட கேடி (கிளப் பை தூக்கிட்டு கூட வர்றவர்) ஹாரி டயமண்ட், சின்ன வயசு ஃப்ரெண்டு, சொன்னது இவ்ளோதான்: திங்கட்கிழமை காலைல இந்த நிலைமைய குடுத்திருந்தா சந்தோஷமா வாங்கிருப்போம்ல.

பாசிட்டிவ் திங்கிங் கிளாஸ் மேல எனக்கு பெருசா நம்பிக்கை கிடையாது. ஆனா இது உசுப்பேத்தல் இல்ல, விட்ட பட்ட பத்தி பேச்சே இல்ல, கைல இன்னும் என்ன இருக்குன்னு மட்டும் காட்டிட்டாரு.

பிளேஆஃப்ல குழிய நோக்கி அடிச்ச அப்ரோச் ஷாட் கொடிக்கு சில அடி பக்கத்துல. ரோஸ் பார் (கணக்குக்கு சரியா), இவரு பேர்டி (ஒரு அடி கம்மி). கேரியர் கிராண்ட் ஸ்லாம், அதாவது நாலு மேஜர் போட்டியும் ஜெயிக்கறது, அடிச்ச ஆறாவது ஆளு.