ஏழாம் தொட்டி

டிசம்பர் 3
மழை விடவில்லை. தண்ணீர் 24 டிகிரி. மீன்கள் சுவரில் உடம்பை உரசுகின்றன. வால் கிழிந்தவள் இரை எடுக்கவில்லை.

டிசம்பர் 4
வெண்புள்ளி நோய்தான். அவளைக் கிண்ணத்தில் ஏந்தி டார்ச் அடித்துப் பார்த்தேன். முதுகுத் துடுப்பின் ஓரமாக ரவை ஒட்டியதுபோல் பதினோரு புள்ளிகள்.

எட்டடிக்கு நாலடி, இரண்டடித் தண்ணீர். ஏறத்தாழ 1,800 லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பெர்மாங்கனேட் 3.6 கிராம். நகைத் தராசில் மூன்று முறை நிறுத்தேன். அப்பா கண்ணளவில் போடுவார். எனக்குத் துணிவில்லை.

டிசம்பர் 5
கத்தரிப்பூ நிறத்தில் இருந்த தண்ணீர் ஒன்றரை மணி நேரத்திலேயே தேநீர் நிறமாகிவிட்டது. அடியில் கிடந்த கசடே மருந்தையெல்லாம் தின்றிருக்கிறது. முதலில் கசடை எடுத்திருக்க வேண்டும். என் தவறு. "இன்னொரு பங்கு போடட்டுமா அக்கா?" என்றான் தம்பி. வேண்டாம் என்றேன். அளவு மிஞ்சினால் செவுள் வெந்துவிடும்.

விரல் நுனியெல்லாம் பழுப்பு. சோறு பிசையும்போது அதுதான் கண்ணில் படுகிறது.

டிசம்பர் 6
கசடை உறிஞ்சிப் பாதித் தண்ணீர் மாற்றினோம். ஆறு மீன்கள் போயின. அவள் இருக்கிறாள். புள்ளி ஐந்துதான்!

டிசம்பர் 7
நேற்று எதற்கு மகிழ்ந்தேன்? புள்ளி குறைந்தால் நோய் குறைந்தது என்று பொருளில்லை. தோலுக்கடியில் இருக்கும்வரை அந்த ஒட்டுண்ணியை மருந்து தொடாது. தின்று கொழுத்துத் தானே உதிரும். தரையில் ஒட்டிக் கூடு கட்டி, ஒன்று நூறு நூறாகப் பிரியும். அந்தக் குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தும்போதுதான் கொல்ல முடியும். நேற்று உதிர்ந்தவை இப்போது என் தொட்டியின் அடியில் பிரிந்துகொண்டிருக்கின்றன. வெயில் அடித்தால் சீக்கிரம் வெளியே வரும். இந்தக் குளிரில் எப்போது வரும் என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் நிற்பது?

கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்கு இந்த வாரம் மீன் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இந்தத் தொட்டியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர்கூட வெளியே போகாது. வலையையும் தனியாக வைத்தாயிற்று.

டிசம்பர் 8
இனி ஃபார்மலின் மருந்துதான். பெர்மாங்கனேட்டும் அதுவும் ஒன்றுசேரக் கூடாது. தண்ணீர் தெளியும்வரை மாற்றினோம். பழைய ஃபார்மலின் புட்டியின் அடியில் வெள்ளைப் படிவு. அது மீனுக்குக் கொடிய நஞ்சு. புதியது வாங்கினேன். 1,000 லிட்டருக்கு 25 மில்லி, ஆக 45 மில்லி. கண் எரிகிறது.

இரவு 2.40
மின்சாரம் இல்லை. ஃபார்மலின் தண்ணீரிலுள்ள பிராணவாயுவைக் குறைத்துவிடும், பம்பும் நின்றுவிட்டது. வாளியால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுகிறோம். இப்போது தம்பியின் முறை. எல்லாம் மேலே வந்து வாய் திறக்கின்றன. அவளும்.

டிசம்பர் 9
4.10க்கு மின்சாரம் வந்தது. பதினான்கு மீன்கள் போயின.

டிசம்பர் 10
முதுகில் மூன்று, வாலில் ஒன்று. பாதித் தண்ணீர் மாற்றி மறுபடி 45 மில்லி. பம்புக்கு பேட்டரி கட்டியாயிற்று. தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

டிசம்பர் 11
அவள் ஒரு புழுவை வாயில் எடுத்தாள். துப்பினாள். மறுபடி எடுத்தாள்.

டிசம்பர் 12
25 டிகிரி. மூன்றாம் முறை.