கமோடில் உப்புக் கறை: மூன்று வாரச் சோதனைக் குறிப்புகள்

எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் ஆறு ஆண்டுகளாக வாடகைக்கு இருந்தவர்கள் தை பிறந்ததும் காலி செய்து போனார்கள். சுவருக்கு வெள்ளை அடிப்பதும் குழாய்களை மாற்றுவதும் ஒரு வாரத்தில் முடிந்துவிட்டன. கழிப்பறையின் வெஸ்டர்ன் கமோடு மட்டும் மிஞ்சியது. நீர் நிற்கும் மட்டத்தில் நான்கு விரல் அகலத்துக்குப் பழுப்பு வளையம் ஒன்றும், பின்பக்கச் சுவரில் பிளஷ் நீர் இறங்கும் வழியில் நாக்குப் போல நீண்ட மஞ்சள் பட்டை ஒன்றும் இருந்தன. பிளம்பர் குனிந்து பார்த்துவிட்டு, “ஏனுங்க சார், இது கறை இல்லீங்க, கல்லுங்க. புதுசு மாத்திப் போடுங்க” என்றார். அவர் சொன்னதில் முதல் பாதி முற்றிலும் சரி என்பது பிறகு தெரிந்தது. இரண்டாம் பாதியை ஏற்க மனம் வரவில்லை. பீங்கானில் கீறலோ விரிசலோ எதுவும் இல்லை.

கோவையில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. மாநகராட்சிக் குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீர் மென்மைக்குப் பெயர் பெற்றது. அதை நாங்கள் ‘நல்ல தண்ணி’ என்று சொல்லிக் குடத்தில் பிடித்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்கிறோம். குளியலுக்கும் கழிப்பறைக்கும் ஆழ்துளைக் கிணற்றின் ‘உப்புத் தண்ணி’தான். எங்கள் போர் 650 அடி ஆழம். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும், சொட்டுச் சொட்டாக விட்டு நீரைச் சோதிக்கும் பெட்டியை வாங்கி அளந்தபோது, போர் தண்ணீரின் மொத்தக் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு போன்ற உப்புகளின் அளவு, லிட்டருக்கு 540 மில்லிகிராம் என்று வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, இந்த அளவு 200-க்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்றும் சொல்கிறது. ஊருக்குத் தெற்கே மதுக்கரையில் சுண்ணாம்புக் கல்லை வெட்டிப் பல தலைமுறைகளாக சிமென்ட் செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் எனக்கு வியப்பொன்றும் ஏற்படவில்லை.

முதல் சனிக்கிழமை. எதையும் ஊற்றுவதற்கு முன், கறை எதனால் ஆனது என்று பார்த்துவிடலாம் என முடிவு செய்தேன். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றின் முனையால் வளையத்தின் ஓரத்தை நெம்பியபோது சுண்டுவிரல் நக அளவில் ஒரு சில்லு பெயர்ந்தது. கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். குறுக்கு வெட்டில் வெள்ளையும் தேன் நிறமுமாக மாறி மாறி மெல்லிய அடுக்குகள், வெங்காயத் தோலை நினைவூட்டும்படி. அதைச் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுச் சமையலறை வினிகரை ஊற்றியதும் ஓரங்களில் குமிழ்கள் கிளம்பின. கரியமில வாயுதான், ஆகவே பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. மறுநாள் காலை பார்த்தபோது சில்லு கரைந்து, துரு நிறத்தில் ஒரு மெல்லிய ஏடு மட்டும் கிண்ணத்தின் அடியில் கிடந்தது. அது வினிகருக்கு மசியவில்லை. கல் ஒன்று, அதற்குள் சிக்கிய இரும்புத் துரு வேறொன்று என்பது அங்கேயே உறுதியாயிற்று.

நிலத்தடி நீரில் கால்சியம், பைகார்பனேட் வடிவில் கரைந்திருக்கிறது. நீர் வெளியே வந்து காற்றுப் பட்டு ஆவியாகும்போது கரியமில வாயு வெளியேறி, கரையாத கார்பனேட் படிகிறது. கமோடில் இதற்கு இன்னொரு தூண்டுதலும் உண்டு: சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றும்போது நீரின் காரத்தன்மை கூடிப் படிவு விரைவுபடுகிறது. ஒரே போர் தண்ணீர் வரும் வாளி வெள்ளையாகப் பூத்திருக்க, கமோடு மட்டும் கல்லாகிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஞாயிறன்று, எல்லோரும் பரிந்துரைக்கும் ஆப்பச் சோடாவும் வினிகரும் கலந்த முறையைச் செய்து பார்த்தேன். பொங்கிய நுரையைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வளையம் இம்மியும் அசையவில்லை, அசையவும் முடியாது: சோடா காரம், வினிகர் அமிலம், இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்பு நீர் மட்டுமே. சுண்ணாம்போடு வேலை செய்ய வேண்டிய அமிலத்தை நானே சோடாவுக்குத் தீனியாகப் போட்டுவிட்டேன். புளி போட்டுப் பித்தளை துலக்கிய என் பாட்டி ஒருநாளும் அதில் சோடா உப்பைக் கலந்ததில்லை.

அன்று மாலை ஒரு கணக்குப் போட்டேன். வளையத்தின் நீளம், அகலம், தடிமன், பின்பக்கப் பட்டை எல்லாம் சேர்த்தால் படிவு தோராயமாக 100 கிராம். அவ்வளவு கார்பனேட்டைக் கரைக்க 4 சதவீத வினிகர் 3 லிட்டர் தேவை. 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொண்ட கழிப்பறைத் திரவம் என்றால் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பொடியாகக் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்பார்களே, அது 130 முதல் 140 கிராம். அரை லிட்டர் வினிகரை ஊற்றிவிட்டு அரை மணி நேரத்தில் அதிசயத்தை எதிர்பார்த்தது எவ்வளவு அசட்டுத்தனம் என்பது தாளில் எழுதிப் பார்த்த பிறகே புரிந்தது.

திங்கட்கிழமை கழிப்பறைத் திரவத்தை 200 மில்லி ஊற்றி, பாட்டிலில் சொன்ன 20 நிமிடங்கள் கழித்துத் தேய்த்தேன். நீர் மட்டத்துக்கு மேலே இருந்த பகுதி பளிச்சென்று ஆயிற்று. கீழே இருந்த வளையம் அப்படியே இருந்தது. இந்த வேறுபாடுதான் எனக்கு வழி காட்டியது. கமோடின் வளைவில் நிற்கும் நீரைச் சிறு குவளையால் மொண்டு அளந்தேன்: 1.8 லிட்டர். அதில் 200 மில்லி கலந்தால் 10 சதவீத அமிலம் 1 சதவீதமாகிவிடுகிறது. ஆக, திரவத்தில் குறை எதுவும் இல்லை. அது கல்லைத் தொடும் முன்பே நீர்த்துப் போனது.

‘ஆசிட்’ என்று சாதாரண பாட்டிலில் விற்கும் செறிவான அமிலத்தை வாங்கி ஊற்றினால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று தெருவில் இரண்டு பேர் சொன்னார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் சில்லறை ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது ஒருபுறமிருக்க, அதன் புகை மூச்சைப் பிடிக்கும், டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமென்டை அரிக்கும், குரோம் பூசிய குழாய்களைக் கறுக்கச் செய்யும். அந்த யோசனையை அத்துடன் விட்டேன். பழைய குடித்தனக்காரர்கள் மூலையில் பிளீச்சிங் பவுடர் டப்பா ஒன்றை விட்டுப் போயிருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். அதோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும் என்பதால், டப்பாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பலமுறை பிளஷ் செய்து ஒரு நாள் முழுவதும் ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

புதன்கிழமை இரவுதான் உண்மையான வேலை தொடங்கியது. டேங்குக்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் காக் வால்வை மூடிப் பிளஷ் செய்து, மீந்த நீரைக் குவளையால் மொண்டு, அடியில் இருந்ததை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தேன். வளைவில் நின்று வாடையைத் தடுக்கும் நீர்ப்பூட்டு இல்லாததால் சாக்கடை வாடை மேலே வரும். வளைவின் வாயில் ஈரத் துணியைச் சுருட்டி அடைத்தேன். 150 கிராம் சிட்ரிக் ஆசிட்டை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்தேன். உப்புத் தண்ணீரில் கரைத்தால் அமிலம் வீணாகுமே என்று பயந்து, குடத்திலிருந்த சிறுவாணித் தண்ணீரை எடுத்துக்கொண்டேன். அரை லிட்டர் போர் தண்ணீரில் மொத்தமே கால் கிராம் சுண்ணாம்புதான் இருக்கும் என்பதும், என் சிக்கனம் தேவையற்றது என்பதும் பிறகு உறைத்தன. எங்கள் வீட்டில் டிஷ்யூ பேப்பர் கிடையாது. கிழிந்த பருத்தி வேட்டியை நான்கு விரல் பட்டைகளாகக் கிழித்து, கரைசலில் முக்கி, வளையத்தின் மேல் சுற்றிலும் ஒட்டவைத்தேன். நெற்றியில் பத்துப் போடுவது போல என்று அம்மா வாசலில் நின்று சிரித்தார்கள். காய்ந்துவிடாமல் இருக்கத் தூங்கப் போகும் முன்பும், நடுவில் ஒருமுறை எழுந்தபோதும் தெளிப்பானால் நனைத்தேன்.

வியாழன் காலை துணியை உரித்தபோது, முந்தைய நாள் வரை நகத்தால் கீறினாலும் அசையாத அந்தப் படிவு, நனைந்த சுண்ணாம்புக் காரையைப் போல மிருதுவாகி இருந்தது. பிளாஸ்டிக் அட்டையால் வழித்தால் குழைந்து வழுகி வந்தது. முன்பக்க வளையத்தில் முக்கால் பங்கு அந்த ஒரே இரவில் போயிற்று.

அந்த மகிழ்ச்சியில் ஒரு தவறும் செய்தேன். சூடாக இருந்தால் இன்னும் விரைவாகக் கரையும் என்று எண்ணி, இரண்டாம் இரவு கீசர் தண்ணீரில் கரைசலைத் தயாரித்து, அதிலும் பொடியைக் குறைத்துப் போட்டேன். காலையில் பழைய கல்லின் மேல் மாவு தூவியது போல வெள்ளைப் பொடி படிந்திருந்தது. சிட்ரிக் ஆசிட் சுண்ணாம்போடு சேர்ந்து உருவாகும் கால்சியம் சிட்ரேட் நீரில் அரிதாகவே கரையும். நீர் சூடாக ஆக அது கரைவது இன்னும் குறையும். அமிலம் மிகுதியாக இருந்தால் மட்டுமே அது கரைசலில் தங்கும். நல்லவேளையாக, தேய்த்தால் உதிர்ந்துவிடும் பொடிதான். அதன் பிறகு குளிர்ந்த நீர், தாராளமான பொடி என்று மாற்றிக்கொண்டு மேலும் இரண்டு இரவுகள் செய்தேன். மொத்தம் செலவானது 500 கிராம்.

அடுத்த சனிக்கிழமை விளிம்பின் அடிப்பக்கத்துக்கு வந்தேன். கைக்கண்ணாடியை உள்ளே நீட்டி, செல்பேசி வெளிச்சத்தில் எண்ணியபோது 24 துளைகள் தெரிந்தன. அவற்றில் ஒன்பது முழுவதும் அடைபட்டிருந்தன. பிளஷ் நீர் ஒரு பக்கமாகவே சுழன்றது ஏன் என்பதற்கு விடை கிடைத்தது. தலைகீழாக இருக்கும் துளையில் கரைசல் எப்படி நிற்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பூஜை அலமாரியில் இருந்த விளக்குத் திரிக் கட்டு கண்ணில் பட்டது. திரிகளைக் கரைசலில் ஊறவைத்து, ஒவ்வொரு துளையிலும் திருகிச் செருகினேன். நான்கு மணி நேரம் கழித்து எடுத்துவிட்டு, விளக்குமாற்றிலிருந்து உருவிய தென்னை ஈர்க்குச்சியால் குத்தியபோது, கல் சிறு சிறு துணுக்குகளாக விழுந்தது. இரும்புக் கம்பியை விட ஈர்க்குச்சி நல்லது. வளையும், பீங்கானைக் கீறாது.

இப்போது சுண்ணாம்பு போய், துரு நிறம் மட்டும் தேயிலைக் கறை போல எஞ்சியது. கூடவே பென்சிலால் கிறுக்கியது போன்ற சாம்பல் கோடுகள். அவை கீறல்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். முன்பு யாரோ கம்பி நாரால் தேய்த்தபோது பீங்கானின் மேல் ஒட்டிக்கொண்ட உலோகத் தடங்கள் அவை. இரண்டுக்கும் மருந்து ஆக்சாலிக் ஆசிட். மொசைக் தரைக்கு மெருகேற்றுபவர்கள் பயன்படுத்தும் அதே வெள்ளைப் பொடி. இதில் வரிசை முக்கியம்: சுண்ணாம்பு இருக்கும்போது இதைப் போட்டால், கரையவே கரையாத கால்சியம் ஆக்சலேட் உருவாகி மேலே மூடிக்கொள்ளும். அதனால்தான் கடைசி வரை இதைத் தொடவில்லை. இது நஞ்சு என்பதால் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பிள்ளைகளை மாடிக்கு அனுப்பிவிட்டு, ஒரு தேக்கரண்டிப் பொடியைக் குழைத்துத் தடவிப் பத்து நிமிடங்களில் கழுவினேன். துருவும் சாம்பல் கோடுகளும் சேர்ந்தே மறைந்தன.

பாதம் தேய்க்கும் நுரைக்கல்லால் உரசலாமே என்று பலர் கேட்கிறார்கள். உண்மையான எரிமலை நுரைக்கல் சுண்ணாம்பை விடக் கடினமானது, பீங்கானின் பளபளப்புப் பூச்சை விடச் சற்று மென்மையானது. ஆகவே நனைத்துப் பிடித்தால் பொதுவாகக் கீறாது. ஆனால் கடைகளில் கிடைப்பதில் பல, மணலைச் சேர்த்து அச்சில் வார்த்தவை. நான் ஒரே ஒரு இடத்தில், நாணய அளவுக்கு உரசிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த நான்காம் நாள், பின்பக்கச் சுவரில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று மறுபடியும் தோன்றியது. கறை திரும்புவதற்கு நான்கு நாட்கள் போதாது. அங்கே ஓயாமல் நீர் கசிந்தால்தான் முடியும். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைப் பத்துத் துளி பிளஷ் டேங்கில் விட்டு, யாரும் பிளஷ் செய்யாமல் பார்த்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் அந்தக் கோட்டின் வழியே நீல நூல் போல ஒன்று கீழே இறங்கியது. ஆறு ஆண்டுகளாக அந்த மஞ்சள் நாக்கை வளர்த்தது அழுக்கு அல்ல, கண்ணுக்குத் தெரியாத இந்தக் கசிவு. டேங்கின் உள்ளே இருந்த ரப்பர் வாஷர் உப்பேறி விறைத்திருந்தது. புதிய வாஷர் 40 ரூபாய். அதை மாற்றாமல் எத்தனை பாட்டில் திரவம் ஊற்றியிருந்தாலும் பட்டை திரும்பி வந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து இன்றைய நிலை: வளையம் இல்லை, பட்டை இல்லை. ஞாயிறு இரவுகளில் நீரைக் குவளையால் பின்னுக்குத் தள்ளிவிட்டு இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட்டைத் தூவி விடியும் வரை விட்டுவைக்கிறேன். தேய்ப்பதற்கே வேலை இருப்பதில்லை. பிளம்பர் வேறு வேலைக்கு வந்தபோது எட்டிப் பார்த்து, “மாத்திட்டீங்களா?” என்று கேட்டார். 24 துளைகளில் 23 வழியாக நீர் வருகிறது. ஒன்றில் மட்டும் விளக்குத் திரி அறுந்து உள்ளே தங்கிவிட்டது. ஈர்க்குச்சிக்கும் இதுவரை எட்டவில்லை.