தம்பியின் கிளினிக் கொப்பியும் நீதவான் நீதிமன்றமும்

எனது தம்பிக்கு உளப்பிளவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) இருப்பதை வைத்தியர்கள் கண்டறிந்தபோது அவனுக்கு வயது 23. அதன்பின் ஒன்பது ஆண்டுகள், மாதத்துக்கு ஓர் ஊசியும் இரவில் ஒரு குளிசையுமாக, கோழி வளர்த்து, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்து, எங்கள் வீட்டில் எவரையும் விட அமைதியாக அவன் வாழ்ந்தான். அந்த ஒன்பது ஆண்டுகளை இங்கே முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் எவருக்கும் தீங்கு செய்யாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள்; அவர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணம் முழுவதும் எரிபொருள் வரிசையில் நின்றது. கிளினிக் நாளில் முச்சக்கரவண்டி கிடைக்கவில்லை. வண்டி கிடைத்த நாளில் ஊசிமருந்து கையிருப்பில் இல்லை; வெளியே வாங்கி வருமாறு துண்டு எழுதித் தந்தார்கள், நான்கு மருந்தகங்களில் கேட்டும் கிடைக்கவில்லை. இப்படி இரண்டு மாதங்கள் தவறிய பின், மூன்றாம் மாதம் தனக்கு ஊசியே தேவையில்லை என்று தம்பி சொல்லிவிட்டான்.

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு விடியற்காலை, அயல்வீட்டு மாமாவின் தண்ணீர் மோட்டர் தன் பெயரைச் சொல்லி ஏசுகிறது என்று வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே போனான். மோட்டரின் வயரைப் பிடுங்கி, யன்னல் கண்ணாடிகளை உடைத்து, தடுக்க வந்த மாமாவையும் தள்ளி விழுத்திவிட்டான். மாமாவின் முழங்கையில் காயம். பொலிஸார் வந்தபோது அவன் ஓடவில்லை. இரண்டு காதுகளிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, பிடுங்கிய வயரை மடியில் வைத்தபடி கிணற்றுக்கட்டில் இருந்தான்.

பொலிஸ் நிலையத்தில் அவனது நோயைப் பற்றி எவரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோது, அதைக் கோட்டிலே சொல்லுங்கள் என்றார்கள். கைது செய்யப்பட்டவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பதால் மறுநாள் காலையே வழக்குக் கூப்பிடப்பட்டது. புறப்படும்போது அம்மா என் கையைப் பிடித்து, "பிள்ளை, கோட்டிலை விசர் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை, இனி அவனுக்கு ஒரு வாழ்க்கை இல்லாமல் போயிடும்" என்று அழுதார். நானும் வாயைத் திறக்கவில்லை. அவனது நோயும் ஊசி போட்ட திகதிகளும் எழுதப்பட்ட கிளினிக் கொப்பி என் பைக்குள்ளேயே கிடந்தது. குரல்களைக் கேட்டுக்கொண்டு பதில் பேசாமல் நின்ற தம்பியை, நீதிமன்றம் ஏனைய சந்தேகநபர்களைப் போலவே கருதி 14 நாட்கள் விளக்கமறியலில் வைத்தது. அந்த மௌனத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

அன்று பின்னேரமே கொப்பியின் பிரதியை மறியற்சாலைக்குக் கொண்டுபோய், அவனுக்கு என்ன மருந்து, கடைசி ஊசி எப்போது என்று எழுதிக் கொடுத்தேன். இதை எவரும் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. குளிசை மூன்றாம் நாள்தான் தொடங்கியது.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாததால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போனேன். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அந்த ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்காகக் கட்டணமின்றி வழக்குப் பேசுகிறது. அங்கிருந்த சட்டத்தரணி என்னிடம் முதலில் கேட்ட கேள்விகள் எனக்கு விநோதமாக இருந்தன: ஓடி ஒளித்தாரா, வயரை மறைத்தாரா, உடைத்த பின் என்ன சொன்னார்? நோய் இருக்கிறது என்பது மட்டும் சட்டத்துக்குப் போதாது என்பது அதன் பிறகே விளங்கியது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு கேட்பது, செயலைச் செய்த அந்த வேளையில், சித்தசுவாதீனமின்மையால், தான் செய்வது இன்னதென்றோ அது பிழை அல்லது சட்டத்துக்கு மாறானது என்றோ அறிய முடியாத நிலையில் அவர் இருந்தாரா என்பதை. நீதிமன்றத்தில் நிற்கும் வேளையில் வழக்கை விளங்கித் தன் பக்கத்தைச் சொல்லக்கூடியவராக இருக்கிறாரா என்பது வேறொரு கேள்வி. அதற்கான ஏற்பாடு 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இருக்கிறது. நாங்கள் இவ்விரண்டையும் ஒன்றாகவே நினைத்திருந்தோம். சித்தசுவாதீனமின்மை என்று தீர்ப்புப் பெற்றால் உடனே வீட்டுக்கு வரலாம் என்றும் நான் நம்பியிருந்தேன். அப்படித் தீர்க்கப்பட்டவர் பாதுகாப்பான காவலில் வைக்கப்பட்டு, மேலதிகக் கட்டளைக்காக நெடுங்காலம் காத்திருக்க நேரலாம் என்றும், இத்தகைய சிறிய வழக்கில் அது தண்டனையை விட நீளக்கூடும் என்றும் சட்டத்தரணி பொறுமையாக விளக்கினார்.

ஆகவே அவர் அந்தத் தீர்ப்பைக் கேட்காமல், நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் எழுத்தில் கோரும் விண்ணப்பம்) ஒன்றைத் தாக்கல் செய்து, கொப்பியின் பிரதியை இணைத்து, உளநல வைத்திய நிபுணரின் அறிக்கையைக் கோருமாறு நீதவானிடம் விண்ணப்பித்தார். நீதவான் உடனே கட்டளையிட்டார். தம்பியைக் கைவிலங்குடன் வைத்தியசாலை வாங்கில் இருத்தியிருந்ததைப் பார்க்க நேர்ந்தது பெரிய துயரம். ஆனால் அன்றுதான் மூன்று மாதங்களுக்குப் பின் அவனுக்கு ஊசி போடப்பட்டது. ஊசியை நிறுத்திய காலமும் நோய் திரும்பிய காலமும் பொருந்தி வருவதை, கொப்பியில் இருந்த திகதிகளைக் கொண்டே நிபுணர் தனது அறிக்கையில் எழுதினார். ஒன்பது ஆண்டுத் திகதிகள் அழியாமல் இருந்திராவிட்டால் அந்த வசனத்தை எழுத அவருக்கு ஆதாரம் இருந்திராது. அடுத்த தவணையில் இரண்டு ஆட்பிணைகளுடன், கிளினிக்குக்கு ஒழுங்காகச் செல்ல வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் தம்பி விடுவிக்கப்பட்டான்.

இதற்கிடையில் நான் மாமாவின் படலையைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்கும் முன்பே அவர், "நான் அவனை மறியலுக்கு அனுப்பவெண்டு போகேல்லைப் பிள்ளை, பயந்துதான் போனனான். வருத்தம் திரும்பிட்டுதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் பொலிசுக்கே போயிருக்க மாட்டன்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. அவரிடம் மறைத்ததும் நாங்கள்தான், நீதவானிடம் மறைத்ததும் நாங்கள்தான். மோட்டருக்கும் கண்ணாடிகளுக்குமான பணத்தை மூன்று தவணைகளில் கொடுத்தோம். அவர் நீதிமன்றத்தில் இணக்கம் தெரிவித்ததால் 2023ஆம் ஆண்டு வழக்கு முடிவுக்கு வந்தது.

கிளினிக் கொப்பி இப்போது நீதிமன்றக் கட்டளையின் பிரதியோடு ஒரு பொலித்தீன் உறையில், அம்மாவின் சாமியறைத் தட்டில் இருக்கிறது. இன்னொரு பிரதி மாமாவிடமும் இருக்கிறது. மாமா விடியற்காலையில் மோட்டரைப் போடுவதற்கு முன், வேலிக்கு மேலால் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "தம்பி, நான் தண்ணி இறைக்கப் போறன்" என்கிறார். தம்பி "ஓம் மாமா" என்ற பிறகே மோட்டர் சத்தம் கேட்கிறது.