குவாரி உத்தரவை வாங்கிப் படித்த பிறகுதான் வழி தெரிந்தது

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே ஒரு கல்குவாரி. அங்கே வெடி வைத்தால் எங்கள் வளவில் ஆச்சி நிறைத்து வைத்திருக்கும் பித்தளை அண்டாவில் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கும், பட்டாலைச் சுவரில் பெரியவர்கள் பூசிவைத்த வெள்ளைச் சாந்து செதில் செதிலாக உதிரும். ஆச்சி அதையெல்லாம் கூட்டி ஒரு முறத்தில் சேர்த்து வைத்திருந்தார். "கொண்டுபோய்க் காட்டுப்பா, அவுக நம்பணும்ல."

ஒரு வருஷம் மனு மேல் மனு போட்டேன். வீடு அதிருகிறது, தூசி வருகிறது, நடவடிக்கை எடுங்கள் என்று. முறையான குத்தகை பெற்று இயங்குகிறது என்ற ஒரே பதில்தான் வந்தது. ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர்தான் கண்ணைத் திறந்துவிட்டார். "தம்பி, குத்தகை மட்டும் போதாது. அனுமதி உத்தரவுல நிபந்தனை இருக்கும், அதை வாங்கிப் படிங்க."

1957-ஆம் வருஷத்து சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் மத்திய அரசுடையது. ஆனால் அதன் 15-ஆம் பிரிவு, கட்டுமானக் கல், கிராவல் மாதிரியான சிறுகனிமங்களுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை மாநிலத்துக்குக் கொடுத்திருக்கிறது, தமிழ்நாட்டில் நமக்கு 1959-ஆம் வருஷத்து சிறுகனிம விதிகள். சின்ன குவாரிதானே என்று முன்பு விட்டுவிடுவார்கள். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டது.

சரி, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மூன்றே மூன்று கேட்டேன்: சுற்றுச்சூழல் அனுமதி உத்தரவு, ஒப்புதல் பெற்ற சுரங்கத் திட்டம், அரையாண்டு இணக்க அறிக்கைகள், அதாவது நிபந்தனைகளை எப்படிக் கடைப்பிடிக்கிறோம் என்று குவாரி நிறுவனம் கொடுப்பவை. குவாரியின் பேரைப் போடாமல் சர்வே நம்பரைப் போடுங்கள், பேர் மாறும், நம்பர் மாறாது. 30 நாள் ஆகியும் பதில் இல்லை. விடாமல் முதல் மேல்முறையீடு போட்டேன், அதற்கப்புறம்தான் கட்டாக ஜெராக்ஸ் வந்தது. ஜூன் 1, டிசம்பர் 1 என்று வருஷத்துக்கு இரண்டு தடவை நிறுவனம் அறிக்கை கொடுக்க வேண்டும் என்பதும், அது பொது ஆவணம் என்பதும் மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலேயே இருக்கிறது. எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

ராத்திரி உட்கார்ந்து படித்தேன். பக்கத்துப் பட்டா எல்லையிலிருந்து 7.5 மீட்டர் விட வேண்டும், பாதையில் தண்ணீர் தெளிக்க வேண்டும், குழியைச் சுற்றிக் கம்பிவேலி, மரக்கன்று, வெடிக்குக் கட்டுப்பாடு, எல்லாமே எழுதித்தான் இருந்தது. மறுநாள் டேப் எடுத்துக்கொண்டு போய் எல்லைக்கல்லிலிருந்து அளந்தோம். ஒரு இடத்தில் 4 மீட்டர்கூட இல்லை. நட்டுவிட்டதாக அறிக்கையில் சொன்ன வேப்பங்கன்றுகள், கறுப்புப் பிளாஸ்டிக் பையைக்கூடக் கிழிக்காமல் குழியில் வைத்தபடியே காய்ந்து கிடந்தன. அதைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

அடுத்த மனுவில் வீடு அதிருகிறது என்று ஆரம்பிக்கவே இல்லை. நிபந்தனை எண், அதில் இருக்கும் வாசகம், நேரில் கண்டது, தேதியோடு போட்டோ, அவ்வளவுதான். அக்டோபர் 2 கிராமசபையில் தீர்மானம் போட்டு அதன் நகலையும் சேர்த்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் கையில் கொடுத்தோம், மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினோம்.

மூன்றாவது வாரம் ஆய்வுக்கு வந்தார்கள், அவர்களும் டேப் பிடித்தார்கள். எல்லை ஓரத்தில் வெட்டுவது நின்றது. ஊர்ப்பக்கம் கம்பிவேலி வந்தது, பிள்ளைகள் ஆடு மேய்க்கப் போகும் பக்கம் அது. வெடிக்கு நேரம் குறித்துப் பலகை வைத்து, முன்கூட்டிச் சங்கு ஊதுகிறார்கள். உதிர்ந்த சாந்துக்கு மட்டும் இன்னும் ஒரு பதிலும் இல்லை. ஆச்சியின் முறம் அப்படியே பட்டாலை ஓரத்தில் இருக்கிறது.

டிசம்பர் 1 அறிக்கையைக் கேட்டு அடுத்த மனு எழுதி, ஸ்டாம்பும் ஒட்டி வைத்துவிட்டேன்.