சம்பளம் வரும் தேதி மாறினால் வரியும் கூடுமா?

ஊரில் மாதம் பிறந்தால் சம்பளம், அதை வைத்து வாடகை, சீட்டு, பால் கணக்கு என்று பழகிய நமக்கு அமெரிக்காவின் இரண்டு வாரச் சம்பளம் பிடிபடவே கொஞ்ச நாள் ஆகும். அது பிடிபட்ட நேரத்தில்தான் எங்கள் கம்பெனி ஜனவரியிலிருந்து மாதம் இரண்டு முறை, அதாவது 15ஆம் தேதியும் கடைசி நாளும் என்று மாற்றியது. வருஷத்துக்கு 26 சம்பளம் 24 ஆனது.

இங்கே டல்லாஸ் பக்கம் புதிதாக வந்த தம்பி ஒருவர் பே ஸ்டப்பை, அதாவது சம்பளச் சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார், "அண்ணா, வரி ஏறிப்போச்சு" என்று. ஏறவில்லை. தனியாள், வருஷச் சம்பளம் 1,04,000 டாலர், வேறு பிடித்தம் இல்லை என்று வைத்துக்கொண்டால், 2024 கணக்குப்படி கூட்டரசு வருமான வரி 14,721 டாலர். 26 ஆல் வகுத்தால் 4,000 டாலர் சம்பளத்தில் 566 பிடிப்பார்கள், 24 ஆல் வகுத்தால் 4,333 டாலரில் 613. வருஷ மொத்தம் அதேதான். ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி 6.2, முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் 1.45 சதவீதம், அவையும் அப்படியே. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது.

பேரோல், அதாவது கம்பெனியின் சம்பளப் பிரிவு கணக்கு போடும் விதத்தைப் புரிந்துகொண்டால் பயம் போய்விடும். ஊரில் டிடிஎஸ் பிடிக்கும்போது நிதியாண்டில் மொத்தம் எவ்வளவு வரும் என்று பார்த்துத்தான் பிடிப்பார்கள். இங்கே வழக்கமாகக் கையில் இருக்கும் அந்த ஒரு சம்பளத்தை 24 ஆலோ 26 ஆலோ பெருக்கி, வருஷம் முழுக்க இதே சம்பளம் வரும் என்று எடுத்துக்கொண்டு வரி கண்டுபிடித்து, திரும்ப வகுத்துவிடுவார்கள். அதனால்தான் ஆகஸ்டில் வேலையில் சேர்ந்தவருக்கும் முழு வருஷக்காரருக்கு உள்ள வேகத்திலேயே பிடித்தம் போகிறது, கூடுதலாகப் போனது ரீஃபண்டாக வருகிறது.

சம்பளச் சுற்று மாறும்போது உண்மையில் இடிக்கும் இடம் வேறு. சம்பளத்தில் வரி எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நாம் கம்பெனிக்கு எழுதித் தரும் டபிள்யூ-4 படிவத்தில் 4 (சி) என்று ஒரு கட்டம் இருக்கிறது, கூடுதலாக எவ்வளவு பிடிக்கணும் என்று நாமே எழுதித் தருவது. அது வருஷத்துக்கான தொகை இல்லை, ஒவ்வொரு சம்பளத்துக்கும் உரியது. மனைவியும் வேலைக்குப் போவதால், இரண்டு சம்பளத்துக்கும் சேர்த்து வழக்கமான பிடித்தம் போதாது என்று நான் அதில் 150 எழுதியிருந்தேன். 26 சம்பளத்தில் 3,900 டாலர், 24ல் 3,600 தான். 300 டாலர் குறைந்துவிடும், அதை அடுத்த ஏப்ரலில் வரிக் கணக்கு கொடுக்கும்போது கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும், அதனால் 162.50 என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். மாதச் சம்பளத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு மாறுகிறவர்களுக்கு இது நேர்மாறாகப் போகும், இந்தக் கூடுதல் பிடித்தம் இரண்டு மடங்குக்கும் மேலே எகிறிவிடும்.

இரண்டு வாரச் சம்பளத்தில் வருஷத்தில் இரண்டு மாதம் மூன்றாவது சம்பளம் வருமே, அதுவும் இனி இல்லை. அதை நம்பி ஊருக்கு டிக்கெட் போடுகிறவர்கள் மாதா மாதம் கொஞ்சம் ஒதுக்கத் தொடங்குவது நல்லது. அப்புறம், புதிய டபிள்யூ-4 கொடுத்தால் அதை அமல்படுத்த கம்பெனிக்குச் சுமார் ஒரு மாத அவகாசம் உண்டு, அதனால் அறிவிப்பு வந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.